பிலோவின் ஈரலும் என் வாயும்

என் மனைவி பிலோமினா இந்த வருடம் பதினேழு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். படுத்தது அவள், படுக்க வைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதை வரைக்கும் என்னைப் பாவம் என்று நினைத்துக்கொண்டு வந்து, பிறகு நீங்கள் ஏமாந்து போக வேண்டாம்.

எங்களுக்கு அரியாங்குப்பம். நான் டவுனில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். பிலோ வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். ஒரே மகள் ரோஸ்லின், லாஸ்பேட்டையில் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். எனக்கு ஐம்பத்தொரு வயது, நூற்றிரண்டு கிலோ. பிலோவுக்கு நாற்பத்தேழு வயது, எண்பத்தெட்டு கிலோ. நாங்கள் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் பாலத்தில் வந்தால் எதிரே வருகிறவர்கள் தாமாகவே ஒதுங்கி வழி விடுவார்கள். இதில் என் பெயர் வேறு ஆரோக்கியராஜ். ஆஸ்பத்திரியில் பெயரைக் கூப்பிட்டு நான் எழுந்து போனால் டோக்கன் கொடுக்கிற பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சர்க்கரை பார்க்கப் போன இடத்தில்தான் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். எடை அதிகமுள்ள பெரியவர்கள் எதிர்ப்புப் பயிற்சியும் செய்து, மூலிகை மாத்திரையும் சாப்பிட்டால் உடம்பின் அழற்சி குறைகிறதா என்று ஓர் ஆய்வு. பதினாறு வாரம். பரிசோதனை எல்லாம் இலவசம் என்று போட்டிருந்ததால் இருவர் பெயரையும் கொடுத்தேன்.

ஆய்வை நடத்தியவர் டாக்டர் நித்யா. சின்ன வயது, பொறுமைசாலி. அழற்சி என்றால் என்ன என்று எங்களுக்கு அவர்தான் புரிய வைத்தார். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, காந்துகிறதல்லவா, அதுதான் அழற்சி. கொழுப்பு மிஞ்சிய உடம்பில் முள்ளே குத்தாமல் அது உள்ளுக்குள் லேசாக இருந்துகொண்டே இருக்குமாம். ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒன்றை அளந்தால் எவ்வளவு என்று தெரியும். மூட்டுவலியையும் சர்க்கரையையும் நெஞ்சுவலியையும் கொண்டு வருவதில் அதற்கும் பங்கு உண்டாம். எதிர்ப்புப் பயிற்சி என்பது ஓட்டமோ நடையோ இல்லை. ரப்பர் பட்டையை இழுப்பது, மணல் மூட்டையைத் தூக்குவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பது.

மாத்திரை பழுப்பு நிறக் கேப்சூலாக இருந்தது. மஞ்சள் சாறு, மிளகுச் சத்து, இன்னும் இரண்டு வேர். ஆனால் எல்லாருக்கும் அது கிடைக்காது. பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு அடைத்த கேப்சூல்.

"யாருக்கு அசல், யாருக்கு மாவுன்னு எனக்கே தெரியாது. நம்பர் மட்டும்தான் தெரியும். உங்க டப்பாவை வேற யாருக்கும் குடுக்கக் கூடாது, மாத்திக்கக் கூடாது. வீட்ல ரெண்டு பேர் இருக்கீங்க, ஜாக்கிரதை" என்றார் டாக்டர் நித்யா.

நாங்கள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டோம்.

வாரம் மூன்று நாள் காலையில் ஆஸ்பத்திரிக் கூடத்தில் முப்பது குண்டர்கள் சேர்ந்து ரப்பர் பட்டையை இழுத்தோம். நான் இழுப்பது போல இழுப்பேன். பயிற்சியாளர் என் பக்கம் வந்தால் முகத்தைச் சுளித்துக் கொஞ்சம் முக்குவேன், அவர் போனதும் பட்டையைத் தொங்கவிட்டுவிடுவேன். முடிந்ததும் வாசலில் இரண்டு வடை. பிலோ அப்படியில்லை. அவளுக்கு மூட்டுவலி. மெஷினை மிதிக்க முடியாமல் மோட்டார் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். வீட்டிலும் தூக்கினாள். அரிசிப் பையில் மணலைப் போட்டுத் தைத்து, அதற்குக் கைப்பிடியும் வைத்துக்கொண்டாள்.

எட்டு வாரத்தில் அவள் ஏழு கிலோ இறங்கிவிட்டாள். மாடிப்படியைக் கைப்பிடிச் சுவரைத் தொடாமல் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். நான் ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். ஒரு நாள் எங்கள் பக்கத்து வீட்டு எமிலி அக்கா, "இன்னா பிலோ, உங்க வீட்டுக்காரரு சோத்தையும் சேத்து நீ எறக்கிட்டியா? அவரு அப்படியேதான் இருக்காரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிலோவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. நான் ஒரு கிலோதான் இறங்கியிருந்தேன்.

அன்று மத்தியானமே முடிவு பண்ணிவிட்டேன். அவளுக்குக் கிடைத்தது அசல், எனக்குக் கொடுத்தது மாவு. வேறு காரணமே இருக்க முடியாது என்று தோன்றியது. மறுநாள் மூன்றாம் மாதத்து டப்பாக்கள் கைக்கு வந்தன. அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு டப்பாவையும் செய்தித்தாளில் கொட்டி, அவளுடையதை என் டப்பாவிலும் என்னுடையதை அவள் டப்பாவிலும் போட்டு மூடினேன். நாலாம் மாதத்து டப்பாவையும் அப்படியே செய்தேன். அவளுக்கு மாவு போனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவள்தான் ஏற்கெனவே இளைத்துவிட்டாளே என்று இருந்தது.

மாற்றிய பிறகு நானும் மூன்று கிலோ இறங்கினேன். அசல் மருந்து வேலை செய்கிறது என்ற உற்சாகத்தில் பட்டையை ஒழுங்காக இழுத்தேன், வடையை விட்டேன். கண்ணாடி முன்னால் சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.

பதினாலாவது வாரம் பிலோவுக்குச் சோறு கண்டால் குமட்டியது. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தது. ரோஸ்லின்தான் முதலில் கவனித்தாள். "அம்மா, உன் கண்ணு மஞ்சளா இருக்கு" என்றாள். மஞ்சள் காமாலை என்றால் எங்கள் தெருவில் முதலில் கீழாநெல்லி, அப்புறம்தான் டாக்டர். எமிலி அக்கா எங்கோ தேடிப் பிடுங்கி வந்து, மோரில் அரைத்துக் கலக்கி இரண்டு நாள் கொடுத்தாள். மூன்றாம் நாள் பிலோ வாந்தி எடுத்துக்கொண்டே மெஷின் மேல் சாய்ந்தாள். ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ரத்தம் எடுத்தார்கள். ஈரலுக்குள் இருக்க வேண்டிய சில சத்துகள் ஈரல் புண்ணானால் ரத்தத்தில் கசியுமாம். நாற்பதுக்குள் இருக்க வேண்டிய கணக்கு அவளுக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. டாக்டர் நித்யா ஓடி வந்தார். ஈரல் டாக்டர் ஒருவரும் வந்தார். உடம்பின் அழற்சியைக் குறைக்க வந்தவளுக்கு ஈரலிலேயே அழற்சி.

"வீட்ல இருக்கற மாத்திரை டப்பாவை எடுத்துட்டு வாங்க. மிச்சம் எத்தனைன்னு எண்ணணும்" என்றார் டாக்டர் நித்யா.

எடுத்து வர நான்தான் போனேன். வீட்டுக்குப் போனதும் மீண்டும் குளியலறைக் கதவைச் சாத்தி, டப்பாவிலிருந்ததை எல்லாம் பழையபடி மாற்றி வைத்தேன். மாற்றியதை மறைக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாமல் செய்ததாகச் சொல்லிக்கொள்ள அதற்குப் பிறகு எனக்கு வழியில்லை.

இப்படி யாருக்காவது உடம்புக்கு வந்தால் அவருடைய நம்பரை மட்டும் திறந்து பார்ப்பார்களாம். மறுநாள் வார்டுக்கு வெளியே, தண்ணீர் பிடிக்கிற குழாய்க்குப் பக்கத்தில் வைத்து என்னிடமும் ரோஸ்லினிடமும் டாக்டர் நித்யா சொன்னார்.

"நல்ல வேளை சார், அவங்களுக்குப் போனது வெறும் மாவு. எங்க மருந்தால வந்தது இல்ல."

அவள் நம்பருக்கு மாவு, ஆனால் ஆறு வாரமாக அவள் தின்றது என் நம்பரை. அப்படியானால் அசல் என்னுடையதாக இருந்தது. எட்டு வாரம் அதைத் தின்றுவிட்டு ஒரு கிலோ இறங்கியவன் நான். என்னை ஒன்றும் செய்யாத அதே மருந்து, நான் மாற்றிக் கொடுத்த பிறகு, ஆறே வாரத்தில் அவள் ஈரலைப் புண்ணாக்கியிருக்கிறது.

"வேற ஏதாச்சும் சாப்பிட்டாங்களா? நாட்டு மருந்து, லேகியம், பொடி?"

"கீழாநெல்லி குடுத்தாங்க, எமிலி அத்தை" என்றாள் ரோஸ்லின்.

"எப்ப? மஞ்சள் வர்றதுக்கு முன்னாடியா, வந்த பிறகா?"

"வந்த பிறகு."

"அப்ப அது காரணம் இல்ல. ஆனா சேதத்தைக் கூட்டியிருக்கலாம்."

ரோஸ்லினுக்கு இரண்டாவது வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. அன்று சாயங்காலம் எமிலி அக்கா தூக்குவாளியில் கஞ்சி கொண்டு வந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே, சிந்தாமல், பாலத்தைத் தாண்டிக் கொண்டு வந்திருந்தாள். ரோஸ்லின் வார்டு வாசலிலேயே மறித்தாள்.

"போதும் அத்தை. நீங்க அரைச்சுக் குடுத்ததுக்குத்தான் எங்கம்மா இங்க கிடக்குது. எடுத்துட்டுப் போங்க."

எமிலி அக்கா என்னைப் பார்த்தாள். "நான் நல்லதுக்குத்தானே குடுத்தேன், ராஜு? நீயாவது சொல்லு" என்றாள். நான் கைபேசியைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டே படியிறங்கினாள். அந்த ஐந்து நிமிடத்தில் என் மகளைப் பொய்க்காரியாக்கி, கஞ்சி கொண்டு வந்தவளைக் குற்றவாளியாக்கி, நான் மட்டும் சுத்தமாக நின்றேன்.

அடுத்த ஆறு நாள் ஒவ்வொரு காரணமாகத் தேடினார்கள். ஈரலைத் தாக்கும் கிருமிகளில் எது என்று ரத்தம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன், கல் இல்லை. தாமிரம் சேர்ந்திருக்கிறதா, இரும்பு சேர்ந்திருக்கிறதா என்று அதற்கும் ரத்தம். பிலோவின் இரண்டு கையிலும் ஊசி குத்த இடமில்லாமல் புறங்கையில் குத்தினார்கள். அரிப்பு தாங்காமல் இரவெல்லாம் சீப்பால் காலைச் சொறிந்துகொள்வாள். ரோஸ்லின் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, அம்மாவின் காலில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நர்ஸ்களில் ஒரு பெண், தன் வீட்டு வேப்பிலையை ஒரு கொத்து ஒடித்து வந்து, "வருடி விடும்மா, சொறியாத" என்று கொடுத்துவிட்டுப் போனாள். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். "நீங்க ரெண்டு சுளை சாப்பிடுங்க, வாடிப் போயிட்டீங்க" என்று பிலோ எனக்கு ஊட்டினாள். வாங்கித் தின்றேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் நித்யா எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"இன்னும் ரெண்டுதான் பாக்கி. ஒண்ணு, ஏதோ மருந்தால வந்தது. அப்படின்னா நிறுத்தினா போதும், தானா எறங்கும். இன்னொண்ணு, அவங்க உடம்பே அவங்க ஈரலைத் தாக்கற வியாதி. அதுக்கு ஸ்டீராய்டு ஆரம்பிக்கணும், வருஷக்கணக்கில போகலாம். எதுவுமே சாப்பிடலைன்னு சொல்றீங்க, மாத்திரையும் மாவு. அதனால ஈரல்லேர்ந்து துளி சதை எடுத்துப் பார்த்துடலாம். திங்கக்கெழம காலையில."

சதை எடுப்பது என்றால் வலது பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவே நீளமான ஊசியை விட்டு, நூல் பிரி அளவுக்கு ஈரலைக் கிள்ளி எடுப்பது. ரத்தத்தை உறைய வைக்கிற பொருளைச் செய்வதே ஈரல்தான். அது புண்ணாகியிருக்கும்போது குத்தினால் சில பேருக்கு உள்ளே ரத்தம் கசியும் என்றார். சில பேருக்குத்தான், பயப்படாதீர்கள் என்றார்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஊசி வேண்டாம். என் கையில் மூன்று நாள் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குச் சாமியாருக்கு என் குரலே அடையாளம் தெரியும். ஆனாலும் திரைக்குப் பின்னால் முட்டி போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, செய்தித்தாள், எமிலி அக்கா, திங்கட்கிழமை ஊசி.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல ஃபாதர். நாளைக்கு ஞாயித்துக்கெழம, அவங்க வரமாட்டாங்க. திங்கக்கெழம காலையில சொல்லிடறேன்."

"ஊசிக்கு முன்னாடி."

"முன்னாடி."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா ஃபாதர்."

அந்த வாக்கின் பேரில் மன்னிப்புக் கொடுத்தார். அபராதமாக ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லச் சொன்னார். அங்கேயே முட்டி போட்டுச் சொல்லி முடித்தேன். எழுந்தபோது ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த கல் காணாமல் போயிருந்தது. வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை அப்பம் வாங்கினேன். எங்கள் ஆட்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வரும்போது உடம்பே லேசாக இருக்கும். எனக்கு லேசானது என் மனது மட்டும்தான் என்பதும், பிலோவின் ஈரலில் ஒரு மாற்றமும் இல்லை என்பதும் எனக்கு உறைக்கவேயில்லை. கல் நெஞ்சில் இருந்திருந்தால் அதைத் தாங்க முடியாமலாவது வாயைத் திறந்திருப்பேன். மன்னிப்புக் கிடைத்த பிறகு அவசரம் போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் நித்யா தாளை நீட்டினார். புருஷன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். பிலோ பச்சை அங்கியில், முடியைக் குல்லாவுக்குள் திணித்துக்கொண்டு தள்ளுவண்டியில் படுத்திருந்தாள். ரோஸ்லின் அவள் தாலிச் சங்கிலியைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"கடைசியா ஒரு தடவை கேக்கறேன் சார். வேற எதுவும் சாப்பிடலையே? யோசிச்சுச் சொல்லுங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன்."

மகள் என்னைப் பார்த்தாள். வெறும் பார்வைதான், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் முன்னால் சொல்ல என்னால் முடியவில்லை. ஆய்வில் கையெழுத்துப் போட்டிருக்கிறோமே, போலீஸுக்குப் போவார்களோ என்றும் ஒரு பயம். ஊசி சின்னதுதானே, அதிலேயே எப்படியும் காரணம் தெரிந்துவிடும், நான் எதற்கு என்றும் தோன்றியது. கோழைக்குக் காரணத்துக்குப் பஞ்சமே இருக்காது.

"இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டுப் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அரைமணி நேரத்தில் முடிந்து வெளியே கொண்டு வந்தார்கள். "மூச்சப் பிடின்னாங்க, பிடிச்சேன். அவ்ளோதான்" என்று சிரித்தாள் பிலோ. மத்தியானம் வலது தோள்பட்டை வலிக்கிறது என்றாள். ஈரலில் குத்தினதற்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று நான் அவளைக் கேலி செய்தேன். ஈரலைச் சுற்றி ரத்தம் சேர்ந்தால் வலி தோளில்தான் தெரியுமாம். மூன்று மணிக்கு வியர்த்தது. ரத்த அழுத்தம் விழுந்தது. கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தினார்கள், திரையை இழுத்தார்கள், எங்களை வெளியே தள்ளினார்கள். திரைக்கு வெளியே அவள் செருப்பு மட்டும் கிடந்தது. ரோஸ்லின் அந்தச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அறுக்க வேண்டி வரலாம் என்றார்கள், பிறகு வேண்டாம் என்றார்கள். இரண்டு நாள் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். ரத்தம் கொடுக்க வந்தவர்களில் எமிலி அக்காவின் மகனும் இருந்தான். அவனை அனுப்பியது அவள்தான். தான் மட்டும் வரவில்லை.

புதன்கிழமை பிலோவை வார்டுக்குக் கொண்டு வந்தார்கள். அன்று சாயங்காலம் சாமியார் நற்கருணை எடுத்துக்கொண்டு வந்தார். கையில் அந்தச் சின்ன வெள்ளிப் பெட்டி. பிலோவின் வெளுத்த முகத்தையும், விலாவில் இருந்த கட்டையும், தொங்குகிற ரத்தப் பையையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் யாரிடமும் சொல்லக்கூடாது. அங்கே சொன்னவனிடம்கூட வெளியே வைத்து அதைப் பற்றிப் பேசக்கூடாது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் நித்யாவுக்கும் அவருக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. அந்தப் பத்தடி தூரத்தை அவர் எத்தனை தடவை பார்த்தார் என்று நான் எண்ணினேன். ஒரு நல்ல மனிதரை நான் கையைக் கட்டி, வாயைக் கட்டி அந்தக் கட்டில் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தேன்.

செபம் சொல்லி பிலோவுக்கும் ரோஸ்லினுக்கும் கொடுத்தார். பெட்டியில் இன்னொரு அப்பம் இருந்தது. அதை எடுத்து என் முன்னால் பிடித்தார்.

நான் தலையை ஆட்டினேன். "வேணாம் ஃபாதர்."

அவர் பெட்டியை மூடிக்கொண்டு, பிலோவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அவர் போகும்வரை பிலோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிய பெண்டாட்டி சாகப் பிழைக்கக் கிடக்கும்போது, கட்டில் பக்கத்திலேயே கொண்டு வந்து கொடுக்கிற நற்கருணையை எங்களில் ஒருவன் வேண்டாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நற்கருணையைத் தொடக்கூடாத அளவுக்குப் பெரிய சாவான பாவம் ஏதோ அவனிடம் இருக்கிறது. ரோஸ்லினை டீ வாங்க அனுப்பிவிட்டு பிலோ கேட்டாள்.

"யாரு அவ?"

"எவ?"

"மறைக்காதீங்க. யாரு? கடையில கணக்கு எழுதுதே, அதுவா?"

"அய்யோ பிலோ, பொம்பளை இல்ல. மாத்திரை."

சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தடவை மாற்றியதையும், திருப்பி வைத்ததையும், கையெழுத்தையும். நிமிர்ந்தபோது அவள் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்து விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப மொத எட்டு வாரம் நான் தின்னது மாவா?"

"ஆமா."

"ஏழு கிலோ எறங்கினேனே, அப்ப?"

"அப்பவும் மாவுதான்."

"முட்டி வலி போச்சே?"

"மாவுதான் பிலோ."

அவள் சிரித்தாள். விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "அப்ப அது எல்லாம் நானே தூக்கினது. ஒரு மருந்தும் இல்ல, நானே தூக்கினது" என்றாள். அந்த மஞ்சள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. பிறகு சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பினாள். கல்யாணமான நாள் முதல் 'நீங்க' என்று பேசியவள், முதல் தடவையாக 'நீ' என்றாள்.

"உன் கையில அசலையே குடுத்தாங்க. உனக்கு அதுவும் பத்தல. போ. டாக்டரம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு. ரோஸி வரட்டும், அவ முன்னாடி சொல்லு."

அப்படியே சொன்னேன். டாக்டர் நித்யா திட்டவில்லை. பேனாவை எடுத்து எந்தத் தேதி, எத்தனை மாத்திரை என்று கேட்டு எழுதிக்கொண்டார். என் நம்பரையும் திறந்து பார்த்தார்கள், அசல்தான். "மருந்து நிறுத்தினதால கணக்கு ஏற்கெனவே எறங்க ஆரம்பிச்சிருக்கு, ஸ்டீராய்டு வேண்டாம்" என்றார். ஒரே மருந்து ஒருத்தர் ஈரல் தாங்கும், இன்னொருத்தர் ஈரல் தாங்காது, முன்கூட்டித் தெரியாது, அதற்காகத்தான் நம்பர் போட்டு அத்தனை கட்டுப்பாடு என்றார். எழுந்து போகும்போது மட்டும், "திங்கக்கெழம காலையில கேட்டேனே சார்" என்றார். ரோஸ்லின் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய், எமிலி அக்காவுக்குப் போன் போட்டு அழுதாள். அது வார்டு வரைக்கும் கேட்டது.

எங்கள் இருவரையும் ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்கள். ஊசியில் எடுத்த சதையின் முடிவு அடுத்த வாரம்தான் வந்தது. மருந்தால் வந்த சேதம் என்று அதிலும் இருந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை.

பிலோ வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கண் வெளுத்துவிட்டது, ஈரல் கணக்கும் சரியாகிவிட்டது. டாக்டர் அனுமதித்த பிறகு மணல் மூட்டையைத் தூக்க ஆரம்பித்திருக்கிறாள். கோயில் வாசலில் என்ன ஆச்சு என்று கேட்கிறவர்களிடம், "ஏதோ ஒத்துக்கல" என்று மட்டும் சொல்கிறாள். என்னை யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை. வீட்டில் சண்டையும் இல்லை. எனக்குச் சோறு போடுகிறாள், சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள், என்னிடம் பேச வேண்டியதைப் பேசுகிறாள்.

பயிற்சி முடிந்ததும் அவளுக்குத் தாகம் எடுக்கும். மறுபடி மூட்டை தூக்க ஆரம்பித்த முதல் நாள் நான் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். சமையலறைக்குப் போய்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். டம்ளரைச் சோப்புப் போட்டு விளக்கினாள். அதே பானையிலிருந்து அவளே மொண்டு, நின்றபடி குடித்தாள். முகத்தில் கோபம் இல்லை. மறுநாள் கொடுத்தேன், அதையே செய்தாள். ரோஸ்லின் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் தினமும் கொண்டுபோய் நீட்டுகிறேன். இன்று காலையிலும் வாங்கிக்கொண்டு போய்க் கொட்டினாள்.